இருநூற்று எழுபத்தெட்டாம் மைல்

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை, காலை ஆறு மணி ஐம்பது நிமிடத்துக்கு, சிட்னிக்கு வடக்கே உள்ள கின்னர்ட் முனைத் தன்னார்வத் தீயணைப்புப் படையின் தலைவி லோர்னா பென்ரோஸ், பழைய கடற்கரை நெடுஞ்சாலையின் தென்கோடியில் இருந்த இரும்புக் கதவைத் திறந்தார். வானம் தெளிந்திருந்தது. பதினேழு நாள்களாக மழை இல்லை. அவருடன் மூன்று பேரும் இரண்டு வண்டிகளும் இருந்தன. திறக்கப்பட்ட கதவிலிருந்து கின்னர்ட் முனை கிராமம் வரை, எவரும் பயன்படுத்தாத அந்தச் சாலையின் நீளம் ஏழு கிலோமீட்டர் நானூறு மீட்டர். புதிய நெடுஞ்சாலை மேற்கே மலையடிவாரத்தில் போடப்பட்ட 1968ஆம் ஆண்டிலிருந்து அதில் வண்டி ஓடியதில்லை.

கதவின் மீது ஒரு பலகை இருந்தது. "பாலம் இல்லை. வழி இல்லை." எழுத்துகள் மங்கியிருந்தாலும் சொல்ல வந்ததைச் சொல்லின.

"இந்தப் போர்டை வச்சது எங்க டிப்போதான், அறுபத்தொம்போதுல," என்றார் நைஜல் ப்ரூம். வட்டார மன்றத்தின் சாலைகளுக்கும் பாலங்களுக்கும் பொறுப்பான பொறியாளர் அவர். அன்று விடுமுறை நாளாக இருந்தும் சட்டையை இஸ்திரி போட்டு, அளவுநாடாவையும் ஆவணக் கோப்பையும் கையோடு கொண்டுவந்திருந்தார். "ஸ்லேட்டர் ஓடைப் பாலத்தைக் கழட்டி எடுத்தாச்சுன்னு பதிவேட்டுலயும் இருக்கு. ரெண்டு இடத்துல எழுதினது பொய்யாகாது, லோர்னா."

"பொய்யின்னு நான் சொல்லலையே. யாராவது நேர்ல போய்ப் பாத்தீங்களான்னுதான் பதினாலு லெட்டர்லயும் கேட்டேன்."

"பதினாலுக்கும் பதில் போட்டேன்."

"போட்டீங்க. குறிச்ச நாளுக்குள்ள போட்டீங்க. அதை நான் குறை சொல்லவே மாட்டேன்."

மன்றத்தின் பாலத் தச்சரான ஆல்டோ, கருவிப் பெட்டியைத் தோளிலிருந்து இறக்காமலே குறுக்கிட்டார். "டாட்டி ஹேர்ஸ்ட்டோட வீட்டுக்காரர் பாத்திருக்காராம். மீன் பிடிக்கப் போனப்ப பாலம் நின்னுக்கிட்டிருந்துச்சாம்."

"அவரு கருஞ்சிறுத்தையும் பாத்தவராச்சே," என்றார் டிராக்டரில் அமர்ந்திருந்த ஜஸ்பீர் கில்.

மூவரும் சிரித்தார்கள். அந்த நாட்டில் சிறுத்தை கிடையாது. ஆயினும் அந்தக் கடற்கரையின் ஒவ்வோர் ஊரிலும் அதைக் கண்ணால் கண்டதாகச் சத்தியம் செய்பவர் ஒருவராவது இருப்பார். அதன்பின் அவர் வேறு எதைக் கண்டதாகச் சொன்னாலும் ஊர் நம்பாது. லோர்னா சிரிக்கவில்லை. சிரிக்கும் நிலையில் அவர் இல்லை.

அடுத்த வியாழக்கிழமை மன்றம் கூடவிருந்தது. நிகழ்ச்சிநிரலில் ஒன்பதாவது பொருள், இந்தச் சாலையைப் பதிவேட்டிலிருந்து நீக்கி, பக்கத்து மாட்டுப் பண்ணையோடு சேர்த்துவிடுவது. பரிந்துரையை எழுதியவர் ப்ரூம். பாலம் இல்லாத சாலையால் எவருக்கும் பயன் இல்லை என்பது அவர் காட்டிய காரணம். அது நிறைவேறினால் கின்னர்ட் முனையின் நூற்றுத் தொண்ணூறு பேருக்கு வெளியேற ஒரே வழிதான் மிஞ்சும்: மேற்கே காட்டுக்கு நடுவில் பதினோரு கிலோமீட்டர் ஓடும் சாலை. கிராமத்துக்கு வடக்கே உப்போடைப் பாலம் போய் அரை நூற்றாண்டு ஆகிறது. அதன் தூண்களின் மேலிருந்து கோடையில் பிள்ளைகள் தண்ணீரில் குதிப்பார்கள்.

2019ஆம் ஆண்டு நவம்பரில் அந்த ஒரே சாலையின் இரு புறமும் தீப்பிடித்தது. கிராமத்தினர் அனைவரையும் கடற்கரைக்கு அனுப்பும்படி உத்தரவிட்டவர் லோர்னா. ஈரப் போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டு, கைக்குழந்தைகளையும் நாய்களையும் தூக்கிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நான்கு மணி நேரம் நின்றார்கள். மாலையில் காற்று திசை மாறியது. ஒருவரும் சாகவில்லை. எல்லாரும் அவரைப் பாராட்டினார்கள். காற்று மாறியதில் தமக்குப் பங்கு ஏதும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அந்த டிசம்பரில் கிராம மண்டபத்தில் எழுந்து நின்று, இரண்டாவது வழி ஒன்று இல்லாமல் இந்தப் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். வாக்குக் கொடுத்து மூன்று ஆண்டுகளும் எட்டு மாதங்களும் ஆகியிருந்தன.

ப்ரூமிடம் அவர் செய்துகொண்ட ஏற்பாடு சுருக்கமானது. தீயணைப்பு வண்டி இந்தச் சாலை வழியாகக் கிராமம் போய்ச் சேர்ந்தால், திங்கட்கிழமை நண்பகலுக்குள் ப்ரூம் தம் பரிந்துரையைத் திரும்பப் பெறுவார். போய்ச் சேராவிட்டால், வியாழக்கிழமை கூட்டத்தில் லோர்னா வாய் திறக்க மாட்டார். இருவரும் அதை எழுதிக் கையொப்பமிட்டிருந்தார்கள். பாலம் இல்லை என்றால் ஓடையில் இறங்கி ஏற ஏதேனும் சரிவு கிடைக்கும் என்பதே லோர்னாவிடம் மிச்சமிருந்த நம்பிக்கை. அது பெரிய நம்பிக்கையன்று.

ஜஸ்பீரின் டிராக்டர் முன்னே சென்றது. மூன்று தலைமுறையாக அந்தக் கரையில் வாழையும் பின்னர் புளூபெரி எனும் நீலப்பழமும் பயிரிடும் குடும்பம் அவருடையது. படையில் லோர்னாவுக்கு அடுத்த இடம் அவருக்கு. டிராக்டரின் முன்புறம் பூட்டியிருந்த புதர்வெட்டி, சாலையை மூடிக் கிடந்த உண்ணிச்செடிகளை மென்று துப்பிக்கொண்டே போனது. ஆள் உயரத்துக்கு மேல் எழுந்து, இரு பக்கமும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருந்த புதர் அது. பின்னால் தீயணைப்பு வண்டியை லோர்னா ஓட்டிவந்தார். ப்ரூம் அவர் பக்கத்தில் அமர்ந்து, நூறு மீட்டருக்கு ஒருமுறை குறிப்பெழுதினார். ஆல்டோ மோட்டார் ரம்பத்தோடு நடந்தார்.

புதரை விலக்கியதும் கீழே கிடந்ததைப் பார்த்து, லோர்னா வண்டியின் வேகத்தை இன்னும் குறைத்தார். மண்ணோ சரளையோ அன்று. 1931இல் கையால் கலந்து ஊற்றிய கான்கிரீட். பலகை பலகையாக, இடையிடையே தார்க்கோடுகளோடு, மேட்டிலும் வளைவிலும் அது நேர்த்தியாகப் படிந்திருந்தது. தார்க்கோடுகளில் புல் முளைத்திருந்தது. அவ்வளவுதான்.

"இதைப் போட்டவங்க ஒழுங்காப் போட்டிருக்காங்க," என்றார் ப்ரூம், தமக்குத்தாமே சொல்வதுபோல்.

"எழுதிக்கோங்க."

"எழுதிட்டேன்."

இரண்டாவது கிலோமீட்டரில் தைலமரம் ஒன்று குறுக்கே விழுந்து கிடந்தது. ஆல்டோ அதை அறுக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. மூன்றாவது கிலோமீட்டரில் மரங்கள் விலகி, கிழக்கே கடல் முழுதாகத் திறந்தது. பாறைகளுக்கு அப்பால் இரண்டு திமிங்கிலங்கள் நீரைப் பீய்ச்சியபடி வடக்கே போய்க்கொண்டிருந்தன. யாரும் நின்று பார்க்கவில்லை. நான்காவது கிலோமீட்டரில் சாலையின் கடற்பக்க ஓரம் சரிந்து போயிருந்தது. ப்ரூம் இறங்கி, மிச்சமிருந்த அகலத்தை மூன்று முறை அளந்தார்.

"மூணு மீட்டர் பத்து. உங்க வண்டி ரெண்டரை. உள்பக்கமா ஒட்டி வாங்க. ஒரு ஜாண்கூட வெளிய தள்ளக் கூடாது."

"கேப்டனுக்கு ஸ்கூல் பஸ் ஓட்டி இருபது வருஷப் பழக்கம்," என்றார் ஜஸ்பீர். "கொண்டை ஊசி வளைவுல போன் பேசற அம்மாக்களைத் தாண்டிப் போறவங்க. இது என்ன?"

லோர்னா வண்டியைப் பாறைச் சுவரோடு உரசாத குறையாகக் கொண்டுவந்து சேர்த்தார்.

பதினொன்றரை மணிக்குச் சாலை கீழ்நோக்கி இறங்கத் தொடங்கியது. ஓடையின் ஓசை கேட்டது. டிராக்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு, லோர்னா கத்தியை எடுத்துக்கொண்டு தனியே முன்னால் நடந்தார். மோசமான செய்தி எதுவானாலும் அதைத் தாமே முதலில் பார்க்க வேண்டும் என்பது அவர் வழக்கம். மற்றவர்களுக்கு முன்னால் முகம் மாறுவதை அவர் விரும்பியதில்லை.

வளைவு முடியும் இடத்தில் புதரை வெட்டினார். வெள்ளையாக ஏதோ தெரிந்தது. இன்னும் வெட்டினார். அது ஒரு கைப்பிடிக் கட்டை. பக்கத்தில் இன்னொன்று. சுண்ணாம்பு உதிர்ந்து, பாசி படர்ந்து, ஆனால் சற்றும் சாயாமல், வரிசையாக ஓடையின் அக்கரை வரைக்கும் அவை சென்றன. கைப்பிடிகளுக்கு நடுவே பலகைத் தளம், இலைச் சருகுக்குள் முழங்கால் அளவு புதைந்து கிடந்தது. சருகை ஒரு காலால் தள்ளினார். அடியில் மரம் இருந்தது. குதிகாலால் இடித்தார். மரம் அசையவில்லை.

அவர் அங்கே எவ்வளவு நேரம் நின்றார் என்பதைப் பின்னர் எவரும் கேட்கவில்லை. பிறகு வயர்லெஸ்ஸை எடுத்தார்.

"ஜஸ்பீர், இன்ஜினை நிறுத்து. எல்லாரும் நடந்து வாங்க."

"என்ன கேப்டன், பெரிய பள்ளமா?"

"வந்து பாரு."

மூவரும் வந்தார்கள். ஜஸ்பீர் தலைப்பாகையின் மேல் கையை வைத்தபடி நின்றுவிட்டார். ஆல்டோ கருவிப் பெட்டியைக் கீழே வைத்தார். ப்ரூம் கோப்பைத் திறந்து, ஒரு தாளைப் பார்த்து, பாலத்தைப் பார்த்து, மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"இந்தப் பாலம் இருக்கக் கூடாது," என்றார்.

"அதுகிட்ட சொல்லுங்க," என்றார் ஆல்டோ.

"இருநூத்து எண்பத்தோராம் மைல் பாலம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொம்போது மார்ச்சுல கழட்டியாச்சு. மேற்பார்வையாளர் கையெழுத்து இருக்கு, தேதி இருக்கு."

"சரி, இன்ஜினியரே. கழட்டின பாலத்துமேல நின்னுக்கிட்டுச் சாப்பிடலாமா, இல்ல அதுக்கும் அனுமதி வேணுமா?"

பாலத்தின் மேலன்று, முன்னிருந்த கான்கிரீட்டில் அமர்ந்து அவர்கள் சாப்பிட்டார்கள்; சோதிக்காத மரத்தின் மேல் நால்வர் உட்கார ப்ரூம் சம்மதிக்கவில்லை. ஜஸ்பீரின் மனைவி உருளைக்கிழங்குப் பரோட்டா கட்டிக் கொடுத்திருந்தார். ஆல்டோ, மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட அப்பத்தைக் காகிதப் பையிலிருந்தே கடித்தார். ப்ரூம் தம் சாண்ட்விச்சைத் தொடவில்லை. அவர் காலுறையில் ஓர் அட்டை ஏறிக்கொண்டிருந்தது. அதையும் அவர் கவனிக்கவில்லை. திடீரென்று எழுந்து, பாலத்தின் ஓரமாகவே கால் வைத்து, கைப்பிடியைப் பற்றியபடி அக்கரைக்குப் போனார். புதருக்குள் குனிந்தார். சற்று நேரத்தில் அவருடைய குரல் கேட்டது.

"லோர்னா, கத்தியோட இங்க வாங்க. ஓரமா வாங்க."

அக்கரையில், சாலையின் இடப்பக்கம், முழங்கால் உயரக் கான்கிரீட் கல் ஒன்று நின்றது. மைல்கல். லோர்னா கொடிகளை வெட்டி விலக்கினார். சாலையைப் பார்த்த முகத்தில் 278 என்று இருந்தது. ப்ரூம் மண்டியிட்டு, பின்புறத்துப் பாசியைச் சாவியால் சுரண்டினார். அங்கே வேறோர் எண் செதுக்கப்பட்டிருந்தது: 281.

அவர் குதிகாலில் உட்கார்ந்தார்.

"தெக்கே பெரிய ஆத்துல அம்பத்திரண்டு வரைக்கும் படகுத்துறைதான்," என்று தொடங்கினார். "பாலம் கட்டினப்ப ரோடு மூணு மைல் குறைஞ்சுது. சிட்னியிலருந்து எண்ணற கணக்குல, வடக்க இருக்கற கல் எல்லாத்துலயும் மூணைக் கழிச்சு, திருப்பி நட்டு, புது நம்பர் போட்டாங்க. இது பழைய கணக்குல எண்பத்தொண்ணு. புதுக் கணக்குல எழுபத்தெட்டு."

"அப்போ நிஜமான எண்பத்தொண்ணு எது?"

"இங்கிருந்து மூணு மைல் வடக்க."

"உப்போடை," என்றார் லோர்னா.

"உப்போடை. அதைத்தான் கழட்டினாங்க, சரியாத்தான் கழட்டினாங்க. ஆனா போர்டு மாட்ட அனுப்பின ஆளு பழைய வரைபடத்தை எடுத்துக்கிட்டு வந்திருக்கான். அதுல எண்பத்தொண்ணுன்னு இருந்த பாலத்துக்குப் போற கதவுல மாட்டிட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் போர்டைப் பாத்துப் பதிவேட்டை நம்பினாங்க, பதிவேட்டைப் பாத்துப் போர்டை நம்பினாங்க." அவர் சற்று நிறுத்தினார். "பதிவேட்டுல எழுபத்தெட்டுன்னு தனியா ஒரு பாலம் இருந்துச்சு. பதினோரு வருஷம் முன்னாடி எல்லாத்தையும் கணினியில ஏத்தினப்ப, அப்படி ஒரு பாலம் எங்கயும் இல்லைன்னு அடிச்சு நீக்கினவன் நான்தான். மேஜையில உக்காந்துக்கிட்டு."

லோர்னாவுக்கு அவரைக் குத்திக்காட்டப் பதினான்கு கடிதங்களின் உரிமை இருந்தது. அவர் அதைப் பயன்படுத்தவில்லை.

"இதையும் எழுதிக்கோங்க," என்றார்.

"எழுதத்தான் போறேன்."

பாலம் இருக்கிறது என்பது ஒன்று. அது தாங்கும் என்பது வேறு. ஆல்டோ கீழே இறங்கினார். பாலத்துக்கு இரண்டு கண். ஒவ்வொரு கண்ணையும் நான்கு உத்தரங்கள் தாங்கின. இரும்புப்பட்டை என்று அங்கே சொல்லப்படும் மரத்தின் முழுத் தண்டுகள் அவை. சுத்தியலால் ஒவ்வோர் உத்தரத்தையும் அடி முதல் நுனி வரை தட்டிக்கொண்டே போனார். ஒலி கணீரென்று திரும்பிய இடத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு. சந்தேகம் எழுந்த இடத்தில் துளைப்பொறியை வைத்து விரல் பருமனுக்கு ஒரு துளை. துளையிலிருந்து வந்த சீவலை உள்ளங்கையில் ஏந்தி மேலே நீட்டிக் காட்டினார். இரத்தச் சிவப்பாக, காய்ந்து, சுருள் சுருளாக இருந்தது.

"எழுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. நேத்து அறுத்த மாதிரி இருக்கு," என்றார். "என் மாமனாரைவிட உறுதி."

ஏழு உத்தரங்கள் அப்படியே தேறின. எட்டாவது, இரண்டாம் கண்ணின் கடற்பக்க உத்தரம், தட்டியபோது காலிப் பீப்பாய்போல் ஒலித்தது. துளைப்பொறி இரண்டு அங்குலம் மரத்தைத் துளைத்து, அதன்பின் தடையே இல்லாமல் உள்ளே போய்விட்டது. ஆல்டோ வேடிக்கை பேசவில்லை.

"இது குழாய். உள்ள ஒண்ணும் இல்ல. நடுவுல கறையான் தின்னுட்டுப் போயிருக்கு."

இவ்வளவு தூரம் வந்து, கிராமம் மூன்று கிலோமீட்டரில் இருக்கும்போது, ஒரே ஓர் உத்தரம். அவர் ப்ரூமைப் பார்த்தார். இந்த மனிதர் ஒரு சொல் சொன்னால் போதும். அச்சொல் நியாயமாகவும் இருக்கும். தம்மால் மறுக்கவும் முடியாது.

ப்ரூம் கோப்பின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். போட்டதை அடித்துவிட்டு, முதலிலிருந்து போட்டார்.

"வண்டி எவ்வளவு எடை?"

"தண்ணியோட எட்டு டன் இருநூறு கிலோ. தண்ணி ஆயிரத்து அறுநூறு லிட்டர்."

"தண்ணியில்லாம ஆறு டன் அறுநூறு. ரெண்டு பக்கச் சக்கரமும் மலைப்பக்கத்து மூணு உத்தரத்துமேல மட்டும் ஓடணும். அப்படின்னா தாங்கணும்."

"தாங்கணுமா, தாங்குமா?"

"நான் சொல்றது காகிதத்துல. காகிதத்தை நம்பி வந்த கதையை இப்பதானே பாத்தோம்? அதனால அளந்து பாத்துடலாம். கரையிலருந்து கரைக்கு நூலு கட்டறேன். உத்தரத்துல அளவுகோலை ஆணியடிச்சு நிறுத்தறேன். மொதல்ல டிராக்டர், நாலு டன். எவ்வளவு இறங்குதுன்னு பாப்போம். இருபது மில்லிமீட்டருக்கு மேல வண்டி இறக்கும்னு கணக்கு சொன்னா, நான் விட மாட்டேன். எழுதிக் கையெழுத்துப் போட்டதெல்லாம் அப்புறம்."

"சரிதான்," என்றார் லோர்னா. "நானும் விட மாட்டேன்."

ஜஸ்பீர் டிராக்டரை நடை வேகத்தில் ஓட்டிச் சென்றார். மலைப்பக்கச் சக்கரம் ஓட வேண்டிய இடத்தில் ஆல்டோ சாக்கட்டியால் நீளக்கோடு போட்டிருந்தார். பலகைகள் முனகின. சருகுக்குள்ளிருந்து ஓர் உடும்பு எழுந்து, சினத்தோடு நாலடி ஓடி, கைப்பிடி மேல் ஏறிக்கொண்டது. டிராக்டர் அக்கரை சேர்ந்தது. கரையிலிருந்து தொலைநோக்கிக் கண்ணாடியால் அளவுகோலைப் பார்த்துக்கொண்டிருந்த ப்ரூம், "ஏழு," என்றார். நூல் பழைய இடத்துக்குத் திரும்பியதா என்று பார்த்தார். "திரும்பிடுச்சு. முழுசாத் திரும்பிடுச்சு."

வண்டியின் தண்ணீர் முழுவதையும் லோர்னா சாலையோரத்தில் திறந்துவிட்டார். அதற்குள் ஜஸ்பீர் நடந்தே திரும்பி வந்திருந்தார்.

"நான் ஓட்டறேன், கேப்டன்."

"வேணாம்."

"உங்களுக்குப் பேத்தி இருக்காளே."

"உனக்கு மூணு பசங்க இருக்காங்க. ஒருத்தர்தான் ஏறணும்னா அந்த ஒருத்தர் நான்தான். இது பேச்சுக்கே இல்ல. போய் அந்தக் கரையில நின்னு எனக்குச் சக்கரத்தைப் பாத்துச் சொல்லு."

அவர் கண்ணாடியை இறக்கினார், கதவைப் பூட்டவில்லை. வண்டியை முதல் கியரில் போட்டு, பிரேக்கில் கால் வைத்தபடியே நகர்த்தினார். ஆல்டோவின் வெள்ளைக் கோடு இடப்பக்கக் கண்ணாடியில் ஒரு நூலைப்போல் நீண்டது. எதிரே ஜஸ்பீர் இரு கைகளையும் உயர்த்தி, விரல் அசைவில் இடம் வலம் காட்டினார். முதற் கண் முடிந்தது. இரண்டாம் கண்ணில் முன்சக்கரம் ஏறியதும் மரம் ஆழ்ந்த குரலில் ஒருமுறை பேசியது. லோர்னா நிறுத்தவில்லை. இடையில் நிறுத்தினால் எடை ஒரே இடத்தில் நிற்கும் என்று ப்ரூம் சொல்லியிருந்தார். சொன்னதைச் சொன்னபடி செய்தார். பின்சக்கரம் பலகையிலிருந்து கான்கிரீட்டில் ஏறிய அதிர்வு இருக்கைக்கு வந்து சேர்ந்தபோதுதான் பிரேக்கை முழுதாக அழுத்தினார்.

"பதினொண்ணு!" என்று தென்கரையிலிருந்து ப்ரூம் கத்தினார். எவர் எதிரிலும் அவர் அதற்கு முன் குரல் உயர்த்தியதாக ஆல்டோவுக்கு நினைவில்லை. "பதினொண்ணு, லோர்னா. கணக்கு சொன்னதே பதினொண்ணுதான்."

வெற்றுத் தொட்டியோடு ஊருக்குள் வண்டி போகக் கூடாது என்பது கின்னர்ட் முனைப் படையின் கட்டுப்பாடு. ஆகவே அக்கரையில் உறிஞ்சுகுழாயை ஓடையில் இறக்கினார்கள். கடலேற்றம் எட்டாத இடம் அது. மலையிலிருந்து வரும் நன்னீர். ஆயிரத்து அறுநூறு லிட்டரும் நிரம்பப் பதினான்கு நிமிடம் ஆயிற்று. ப்ரூம் அந்த நேரத்தில்தான் தம் சாண்ட்விச்சைத் தின்றார். தின்றபின் காலுறையை இறக்கி, கொழுத்திருந்த அட்டையைக் கண்டு, அதையும் நிதானமாக அகற்றினார்.

மிச்ச மூன்று கிலோமீட்டரில் புதர் மட்டுமே தடை. பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடத்துக்கு, புதர்வெட்டியின் முன்னால் கம்பிவேலி ஒன்று தென்பட்டது. அதற்கு அப்பால் மட்டமாக வெட்டிய பச்சைப் புல்தரை. வெள்ளை உடையும் வெள்ளைத் தொப்பியும் அணிந்த முப்பது பேர். பந்தைப் புல்லில் உருட்டி ஆடும் கின்னர்ட் முனைப் புல்தரைப் பந்துச் சங்கத்தின் குளிர்காலப் போட்டி நடந்துகொண்டிருந்தது. அரை நூற்றாண்டாகப் புதர் மட்டுமே இருந்த திசையிலிருந்து முதலில் ஓர் உறுமல் கேட்டது. பிறகு செடிகள் ஆடின. பிறகு அவை இரண்டாகப் பிளந்து, தலைப்பாகை கட்டிய ஒருவர் டிராக்டரில் வெளியே வந்தார். அவருக்குப் பின்னால், தங்கள் சொந்தத் தீயணைப்பு வண்டி, கொடிகளை மாலையாகச் சுமந்துகொண்டு வந்தது.

ஒருவர் உருட்டிவிட்ட பந்து, எல்லை தாண்டி, பள்ளத்தில் விழுந்தது.

சங்கத்தின் தலைவர் முதலில் வாய் திறந்தார். "லோர்னா, அந்த வேலியை யாரு சரி பண்றது?"

"வேலியே வேணாம், பில். இனிமே அங்க ரோடு."

"எந்த ரோடு?"

"நாம வெளிய போற ரோடு."

அவர் இறங்கினார். பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்களில் ஒரு பெண்மணி தனியே வந்து, பிளந்த புதரின் வாயில் நின்று, அதற்குள் நீளும் வெள்ளைக் கான்கிரீட்டைப் பார்த்தார். 2019ஆம் ஆண்டுத் தீயன்று கடலில் தம் தாயாரைச் சக்கர நாற்காலியோடு நான்கு மணி நேரம் தாங்கிப் பிடித்திருந்தவர் அவர்.

"இது எது வரைக்கும் போகுது?"

"பெரிய ரோடு வரைக்கும். முழுசா."

"கார் போகுமா?"

"எல்லார் காரும் போகும். ஒவ்வொண்ணா."

அந்தப் பெண்மணி லோர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கைதட்டல் தொடங்கியது. புல்தரையின் நான்கு பக்கத்திலிருந்தும் அது எழுந்தது. சமையற்கட்டில் இருந்தவர்கள் கரண்டியோடு வெளியே வந்தார்கள். ஆல்டோ தொப்பியைக் கழற்றி நாடக நடிகரைப்போல் நாலு திசைக்கும் வணங்கினார். ஜஸ்பீர் டிராக்டரின் ஒலிப்பானை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. ப்ரூம் கோப்பை மார்போடு அணைத்தபடி வண்டிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். லோர்னா அவரைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்துவந்து நிறுத்தினார்.

"பாலம் தாங்கும்னு அளந்து சொன்னவரு இவருதான்," என்றார். "இவரு சொன்னாத்தான் நான் ஏறினேன்."

கைதட்டல் இரட்டித்தது. ப்ரூமின் முகம் காது நுனி வரை சிவந்தது.

திங்கட்கிழமை காலை பத்து மணி பதினைந்து நிமிடத்துக்குப் பரிந்துரை திரும்பப் பெறப்பட்டது. ஆகஸ்டு பதினேழாம் நாள், வியாழக்கிழமை கூடிய வட்டார மன்றம், ஒன்பதாவது பொருளின்கீழ்ப் பொறியாளரின் புதிய அறிக்கையைக் கேட்டு, ஒன்பது உறுப்பினர்களின் ஒருமித்த வாக்கால் பின்வருமாறு முடிவு செய்தது. பழைய கடற்கரை நெடுஞ்சாலையின் ஏழு கிலோமீட்டர் நானூறு மீட்டரும் பொதுச் சாலையாகவே தொடரும். கின்னர்ட் முனையின் அவசர வெளியேற்றப் பாதையாகப் பதிவேட்டில் குறிக்கப்படும். இருநூற்று எழுபத்தெட்டாம் மைலின் பாலம் பதிவேட்டில் மீண்டும் சேர்க்கப்படும். அதன் கடற்பக்க உத்தரம் நவம்பர் மாதம் முப்பதாம் நாளுக்குள் மாற்றப்படும். அதுவரை ஒரு நேரத்தில் ஒரு வண்டி, ஆறு டன் அறுநூறு கிலோ என்பது வரம்பு. சாலையின் சரிந்த ஓரத்துக்குத் தடுப்புச் சுவர் கட்டப்படும். ஆண்டுக்கு இருமுறை புதரை வெட்டும் பொறுப்பு, மன்றத்துக்கும் தீயணைப்புப் படைக்கும் சமமாகப் பிரித்தளிக்கப்பட்டது. தென்கோடிக் கதவின் சாவிகளில் ஒன்று மன்றத்திலும், ஒன்று படையின் கொட்டகையிலும், ஒன்று கிராம மண்டபத்திலும் இருக்கும். கூட்டம் மாலை ஏழு மணி நாற்பது நிமிடத்துக்கு அடுத்த பொருளுக்குச் சென்றது.